பழைய வெள்ளி ரூபாய் வாங்குவோர் கவனத்திற்கு

சென்ற நவராத்திரிக்கு என் தம்பி மகன் டொரண்டோவிலிருந்து வந்திருந்தான். பிறந்தது தில்லியில், வளர்ந்தது கனடாவில். கொலுவைப் பார்த்து முடித்த கையோடு, பையிலிருந்து கெட்டியான பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினான். உள்ளே சீட்டுக்கட்டு அளவில் ஓர் அட்டை. அதில் மட்டையோடு நிற்கும் ஹாக்கி வீரர் ஒருவரின் படம். தில்லிக்காரனாகிய எனக்கு ஹாக்கி என்றால் தயான் சந்தும், இந்தியா கேட் பக்கத்தில் அவர் பெயரில் உள்ள மைதானமும்தான் நினைவுக்கு வரும். இது பனித்தரை ஹாக்கி. உறையின் தலைப்பில் ஒரு சீட்டு; சீட்டில் வீரர் பெயர், 1970களின் ஓர் ஆண்டு, பக்கத்தில் பெரிதாக 7 என்ற எண், கீழே நீளமான ஒரு பதிவு எண்.

"நூறு டாலர் கொடுத்தேன் பெரியப்பா. இதே அட்டைக்கு 9 கிடைச்சிருந்தா ஆயிரத்துக்கு மேல போயிருக்கும்" என்றான்.

சூயிங்கம் பொட்டலத்தோடு இனாமாக வந்த அட்டைக்கா என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, 1979-ல் ஓ-பீ-சீ என்ற கனடா நிறுவனம் அச்சிட்ட வேய்ன் கிரெட்ஸ்கியின் முதல் அட்டை, 10 என்ற முழுத் தரத்தோடு, 2021-ல் 37 லட்சத்து 50 ஆயிரம் அமெரிக்க டாலருக்கு விற்றதைச் சொன்னான். பிறகு, "இந்தியாவில இந்த மாதிரி தரம் போட்டு விக்கிற பொருள் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டான்.

ஏன் இல்லை? பழைய நாணயம் இருக்கிறதே. நான் பதில் சொல்வதற்குள் என் மனைவி பூஜை அறைக்குப் போய், என் பாட்டனார் விட்டுச் சென்ற ஒன்பது வெள்ளி ரூபாய்களைச் சம்புடத்தோடு கொண்டு வந்து வைத்தாள். நேற்று வார்த்தது போல் பளபளவென்று மின்னின.

"கறுத்துப் போய்க் கிடந்துச்சு. நவராத்திரி வருதேன்னு புளி போட்டு நல்லாத் தேய்ச்சு வச்சேன்" என்றாள்.

நான் ஒன்றும் பேசவில்லை. முப்பது ஆண்டுகளாக நாணயம் சேர்ப்பவன் வீட்டிலேயே இந்தக் கதி என்றால் மற்ற வீடுகளில் என்ன நடக்கும் என்று யோசித்தேன். அதனால்தான் இக்கட்டுரை. நம் அன்பர்கள் பலர் வீட்டில் சம்புடத்திலோ காசுமாலையிலோ இப்படிப்பட்ட காசுகள் உள்ளன. சிலர் புதிதாக வாங்கவும் செய்கிறார்கள். சிலருடைய பிள்ளைகள் கணினியில் பார்த்து வரவழைக்கிறார்கள். வாங்குவதிலும் விற்பதிலும் காப்பதிலும் நான் பட்டுத் தெரிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன்.

முதலில் இந்தத் தரம் போடும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் தம் நாட்டின் பழைய செப்புச் சென்ட் காசுகளை மதிப்பிட 1949-ல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். 1 என்றால் இன்ன காசு என்று அடையாளம் மட்டும் தெரிகிறது; 70 என்றால் குறையே இல்லை. பிற்காலத்தில் இந்த அளவுகோல் எல்லா நாட்டு நாணயங்களுக்கும் பரவியது. 1986-ல் பி.சி.ஜி.எஸ். என்ற நிறுவனமும் 1987-ல் என்.ஜி.சி. என்ற நிறுவனமும் தொடங்கின. இவை காசை விற்பதில்லை. கட்டணம் பெற்றுக்கொண்டு, அசலா போலியா என்று பார்த்து, தர எண் கொடுத்து, திறந்தால் உடைந்த தடயம் தெரியும் வகையில் பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகின்றன. நம் வியாபாரிகள் இதை 'ஸ்லாப்' என்பார்கள். பி.சி.ஜி.எஸ். பிறந்த அதே குடும்பத்தில் 1991-ல் பிறந்ததுதான் விளையாட்டு அட்டைகளுக்குத் தரம் போடும் பி.எஸ்.ஏ. ஆகவே என் தம்பி மகனின் ஹாக்கி அட்டை, முறையில் பார்த்தால், நாணயத்துக்குத் தங்கை.

எண்களின் பொருளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 60 முதல் 70 வரை புழக்கத்துக்கே வராத காசு. 50 முதல் 58 வரை கொஞ்சம் கைபட்டது. அரசரின் கன்னமேடு, தலைமுடி போன்ற உயர்ந்த இடங்களில் மட்டும் மினுக்கம் போயிருக்கும். 40, 45 என்றால் நல்ல நிலை. 20 முதல் 35 வரை பல ஆண்டுகள் சந்தையில் உழைத்த காசு. அதற்குக் கீழே உள்ளவை தேய்ந்தவை. 62-க்கும் 64-க்கும் கண்ணுக்குத் தெரியும் வேற்றுமை கொஞ்சம்தான். அருமையான ஆண்டாக இருந்தால் விலையோ பல மடங்கு மாறும். இதையெல்லாம் போடுவது மனிதக் கண் என்பதை மறக்கக் கூடாது. ஒரே காசை உறையிலிருந்து எடுத்து மறுபடி அனுப்பினால் வேறு எண் வருவதும் உண்டு.

இனி நம் வீட்டுப் புளிக்கு வருகிறேன். தேய்த்துத் துலக்கிய காசுக்கு இந்த நிறுவனங்கள் எண்ணே கொடுப்பதில்லை. 'அசல்தான், ஆனால் சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதி நிறுத்திவிடும். துளை போட்டது, காசுமாலைக்காகக் கண்ணி வைத்துப் பற்றவைத்தது, பிறகு கண்ணியை எடுத்து ராவியது எல்லாவற்றுக்கும் இதே கதிதான். நூறு ஆண்டுகளில் வெள்ளியின் மேல் படியும் கருமை அழுக்கு அன்று. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் மெல்லிய படலம் அது. புளியும் சாம்பலும் சபீனாவும் அந்தப் படலத்தோடு காசின் மேல்தோலையும் சேர்த்து எடுத்துவிடுகின்றன. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒரே திசையில் நூற்றுக்கணக்கான மயிரிழைக் கீறல்கள் தெரியும். ஒரு முறை போனால் போனதுதான். என் பாட்டனார் 1920களில் தஞ்சாவூர் ஜில்லாவில் நெல் விற்று வாங்கி, ஐம்பது ஆண்டுகள் தகரப்பெட்டியில் கிடந்து, நிறம் மாறி, அதுவே அழகாக இருந்த காசுகள் அவை. என் மனைவியைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான் அல்லவா சொல்லி வைத்திருக்க வேண்டும்? பூஜைக்கு இப்போது புதிய பத்து ரூபாய்க் காசுகளை வைக்கிறோம். மகாலட்சுமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

நம் கையில் அதிகம் புழங்குவது பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய் ஆகையால் அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். 1835 முதல் பிரிட்டிஷ் இந்தியா முழுவதற்கும் ஒரே ரூபாய். எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. ஆகவே ஒரு காசில் சுமார் 10.69 கிராம் சுத்த வெள்ளி இருக்கும். அன்றைய வெள்ளி விலையை 10.69-ஆல் பெருக்கினால் உலோக மதிப்பு வந்துவிடும். எந்தக் கடைக்குப் போவதற்கு முன்பும் இந்தக் கணக்கைப் போட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வியாபாரி சொல்லும் விலைக்கும் இதற்கும் உள்ள இடைவெளி எதற்காக என்று கேட்க அப்போதுதான் தைரியம் வரும். 1940-ல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. ஆகவே 1940 முதல் 1945 வரையுள்ள காசில் 5.83 கிராம்தான். 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது. அது நிக்கல். பின்புறம் அழகான புலி நடந்து போகும்.

ஆண்டுகளில் சில விநோதங்கள் உண்டு. விக்டோரியா ராணியின் 1862 என்று பொறித்த ரூபாயை அந்த ஓர் ஆண்டில் மட்டும் அடிக்கவில்லை. 1874 வரை அதே ஆண்டைப் பொறித்தே அடித்துவந்தார்கள். உண்மையில் எந்த ஆண்டில் அடித்தது என்பதைக் குறிக்கும் புள்ளிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். 1877 முதல் 'ராணி' என்ற இடத்தில் 'சக்ரவர்த்தினி' வந்தது. அவ்வாண்டு முதல் நாளில் நம் தில்லியில் நடந்த தர்பாரில் அறிவித்த பட்டம் அது. ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாயில் அவர் அங்கியிலிருந்த யானை உருவத்தின் தும்பிக்கை குட்டையாகப் போய், பார்ப்பதற்குப் பன்றி போல் இருக்கிறது என்று கிளர்ச்சி எழுந்தது. பெரும்பகுதியைத் திரும்பப் பெற்று உருக்கிவிட்டு, 1912-ல் யானையைத் திருத்தி வெளியிட்டார்கள். ஆகவே 1911-க்கு மதிப்பு அதிகம்.

அதற்கு நேர்மாறு 1918, 1919, 1920. முதல் உலகப் போரின்போது இந்தியாவில் வெள்ளிக்குப் பெரும் தட்டுப்பாடு. காகித நோட்டைக் கொடுத்து வெள்ளி கேட்டு மக்கள் வரிசையில் நின்றார்கள். அமெரிக்கா 1918-ல் தனிச் சட்டம் இயற்றித் தன் கருவூலத்திலிருந்த சுமார் 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியது. பெரும்பகுதி பிரிட்டன் வழியாக இந்தியாவுக்கு வந்து ரூபாயாக மாறியது. தாத்தா காலத்து 1918 ரூபாய் ஏன் இத்தனை வீட்டில் இருக்கிறது என்பதற்கு இதுதான் காரணம். அதில் ஒரு பகுதி அமெரிக்க டாலராகப் பிறந்த வெள்ளி என்று எண்ணிப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். ஆனால் 'நூறு வருஷத்துக் காசு சார், அபூர்வம்' என்று சொல்லி இதற்கு யாராவது ஐந்தாயிரம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வயது வேறு, அருமை வேறு.

இனி என் சொந்தக் கதை. 1995 என்று நினைவு. பழைய தில்லியில் ஒரு சிறு கடை, பெயர் வேண்டாம். ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் ஒன்று கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. 1938 மலிவாகக் கிடைக்கும். 1939 மிக மிக அரிது. வெள்ளியின் அளவைக் குறைக்கப் போகும் தறுவாயில் அடித்தது என்பதால் வெளியே வந்தவை சில மட்டுமே. இன்று ஏலத்தில் லட்சத்தைத் தாண்டும் காசு. கடைக்காரர் "அஸ்லி மால் ஹை, பாபுஜி" என்றார். ஒரு மார்வாடிக் குடும்பம் அவசரத்துக்கு விற்றதாகக் கதையும் சொன்னார். 4,500 ரூபாய் கேட்டார். என் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணம் அந்தத் தொகைக்குச் சற்று மேலே இருந்தது. எடை போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. தட்டிப் பார்த்தேன், மணி போல் ஒலித்தது. ரசீது கேட்கத் தோன்றவில்லை. வாங்கி வந்துவிட்டேன்.

இரண்டு மாதம் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தேன். பிறகு அருங்காட்சியகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் காட்டினேன். அவர் பத்து மடங்கு லென்ஸை எடுத்து, ஆண்டின் கடைசி இலக்கத்தை மட்டும் வெகுநேரம் பார்த்தார். பக்கத்தில் ஒரு 1938 ரூபாயை வைத்து மறுபடி பார்த்தார். "காசு அசல்தான் ஐயா. ஆண்டுதான் பொய்" என்றார். 8-ன் கீழ்ச்சுழியை ஊசி போன்ற கருவியால் செதுக்கி 9 ஆக்கியிருந்தார்கள். லென்ஸில் பார்த்தபோது அந்த இலக்கத்தைச் சுற்றி மட்டும் தரை சுரண்டியது போல் இருந்தது எனக்கும் தெரிந்தது. அடிப்படைக் காசு அசலாக இருந்ததால் எடையும் ஒலியும் என்னைக் காப்பாற்றவில்லை. கடைக்குப் போனேன். "யே ஹமாரா நஹீன் ஹை" என்று கடைக்காரர் கைவிரித்தார். ரசீது இல்லாதவன் என்ன பேச முடியும்? அந்த ஆண்டு மகளின் கட்டணத்தை என் மைத்துனரிடம் கடன் வாங்கிக் கட்டினேன். மகளிடம் இதைச் சொன்னது சென்ற ஆண்டுதான்.

ஆகவே போலியில் இரண்டு வகை உண்டு என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, என்னுடையது போல் அசல் காசில் ஆண்டை மட்டும் மாற்றுவது. இதற்கு லென்ஸும், ஒப்பிட அதே வகையில் நிச்சயமான ஓர் அசல் காசும் வேண்டும். மற்றொன்று, மட்டமான உலோகத்தில் வார்த்து வெள்ளிப் பூச்சு கொடுப்பது. இதை வீட்டிலேயே பிடிக்கலாம். சமையலறை எலெக்ட்ரானிக் தராசில், கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சிறிய ரகமாகப் பார்த்து, ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துத் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படி, ஆனால் டம்ளரின் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி, கையில் பிடித்துத் தொங்க விடுங்கள். தராசு இப்போது காட்டுவது காசு விலக்கிய நீரின் எடை. 11.66 கிராம் உள்ள நல்ல ரூபாய்க்கு அது சுமார் 1.13 இருக்க வேண்டும். தேய்ந்த காசானால் அதன் எடையை இந்த எண்ணால் வகுங்கள். விடை பத்தரைக்குச் சற்றுக் குறைவாக, 10.3 அருகே வர வேண்டும். பித்தளையோ ஜெர்மன் சில்வரோ ஆனால் எட்டரை அருகில் நின்றுவிடும். பள்ளியில் ஆர்க்கிமிடீஸ் படித்த பிள்ளைகளை வைத்துச் செய்யுங்கள். ஆர்வமாகச் செய்வார்கள்.

அப்படியானால் ஸ்லாபில் அடைத்த காசையே வாங்கிவிட்டால் தொல்லை இல்லையே என்று கேட்கலாம். ஓரளவுக்கு உண்மை. 1939 போன்ற விலை உயர்ந்த காசை இன்று நான் ஸ்லாப் இல்லாமல் தொட மாட்டேன். ஆனால் ஸ்லாபையே போலியாகச் செய்கிறார்கள். பிளாஸ்டிக்கும் செய்வார்கள், சீட்டும் அச்சடிப்பார்கள், வேறு யாருடைய உண்மையான காசுக்கோ கொடுத்த பதிவு எண்ணையும் அதில் போட்டுவிடுவார்கள். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன், கடையில் நிற்கும்போதே, அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். எண் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. அங்கே படம் இருந்தால் அந்தக் காசின் கீறல்களும் கறைகளும் நம் கையில் உள்ளதில் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். உறையின் விளிம்புப் பொருத்தில் பசைத் தடமோ விரிசலோ இருந்தால் வேண்டாம். முன்பின் கேட்டிராத ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரில் 'எம்.எஸ். 68' என்று மின்னும் சீட்டு ஒட்டியிருந்தால், அந்தச் சீட்டை இல்லாததாகவே நினைத்துக் காசை மட்டும் மதிப்பிடுங்கள்.

பெரிய நிறுவனங்களும் ஏமாந்தது உண்டு. ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் நூறாண்டு பழைய அட்டை ஒன்றை, என் தம்பி மகன் சொன்ன அதே கிரெட்ஸ்கியும் ஒரு பங்காளியும் சேர்ந்து 1991-ல் 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். பி.எஸ்.ஏ. முதன்முதலில் தரம் போட்ட அட்டை அதுதான், 8 கொடுத்தார்கள். 2007-ல் அது 28 லட்சம் டாலருக்குக் கை மாறியது. 2013-ல், தொடக்கத்தில் அதை வாங்கி விற்ற வியாபாரி பில் மாஸ்ட்ரோ, ஓரத்தை நறுக்கி அழகாக்கியது தாமே என்று ஒப்புக்கொண்டார். நம் ஊர்ப் புளிக்கு அந்த ஊரில் கத்தி. இதைச் சொன்னபோது தம்பி மகன் தன் அட்டையின் ஓரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓ-பீ-சீ அட்டைகளைக் கம்பியால் அறுத்ததால் ஓரம் சொரசொரப்பாக இருப்பதே இயல்பு என்றும், வழவழப்பாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும் என்றும் அவனே எனக்கு விளக்கினான். எந்தப் பொருளானாலும் அதை அந்தக் காலத்தில் எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தவனை ஏமாற்றுவது கடினம். நாணயத்தில் வார்த்தது எது, அச்சில் அடித்தது எது என்று கண் பழக வேண்டும். அடித்த காசில் எழுத்தின் விளிம்பு கூர்மையாக நிற்கும். வார்த்த போலியில் கொழகொழவென்று இருக்கும், பரப்பில் சிறு குமிழிக் குழிகள் தெரியும்.

கண்ணைப் பழக்கத் தில்லியில் நல்ல இடம் ஜன்பத் சாலை தேசிய அருங்காட்சியகத்தின் நாணயக் கூடம். ஒரு ஞாயிறு பிள்ளைகளை அழைத்துப் போய்ப் பொறுமையாகப் பாருங்கள். ஜாமா மசூதிச் சுற்றுப்புறத்தில் துணி விரித்துக் காசுகளைப் பரப்பி வைத்திருப்பவர்களிடமும் பார்க்கலாம், பார்க்க மட்டும். அங்கே தவறாமல் கண்ணில் படுவது ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ, மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி பெயரும் 1818 என்ற ஆண்டும் உள்ள காசு. கம்பெனி அப்படி ஒன்றை அடிக்கவே இல்லை. கோயில் ஊர்களில் பக்தர்களுக்காகப் பிற்காலத்தில் செய்த வில்லை அது. இதற்கு மந்திர சக்தி உண்டு, அரிசியை இழுக்கும் என்று சொல்லி நம் தமிழ்நாட்டிலேயே எத்தனை குடும்பங்களை அழித்திருக்கிறார்கள் என்பதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள்.

முதன்முதலாக எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் விருப்பத்தைச் சொல்கிறேன். நம் ஊர்க் காசுகள் சிலவற்றைக் குறைந்த விலையில் வாங்கலாம். 1808 என்று பொறித்த பத்துக் காசு, இருபது காசுச் செப்பு நாணயங்கள் சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரின் சோஹோ ஆலையில் அடிக்கப்பட்டவை. அவற்றை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்டனர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்திலேயே மூழ்கியது. 1980களில் அந்தக் காசுகளை ஏராளமாக வெளியே எடுத்தார்கள். சென்னைக் கடைத்தெருவைப் பார்க்காமலே ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கடலடியில் கிடந்த காசு, இன்று விலை அதிகமில்லாமல் கிடைக்கிறது. கடல்நீர் அரித்தது என்று உறைச் சீட்டிலும் எழுதியிருப்பார்கள். அது குறையானாலும் இந்தக் காசுக்கு அதுவே பிறப்புச் சான்று. புதுக்கோட்டை அம்மன் காசு இன்னொன்று. சுண்டுவிரல் நகத்தளவுச் செப்புக் காசு, ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. நவராத்திரியில் அரிசியோடு குடிமக்களுக்குக் கொடுத்தது. கொலுப்படியில் ஓர் அம்மன் காசை வைத்துப் பாருங்கள், வருகிற குழந்தைகள் எல்லாம் அதைத்தான் கேட்கும்.

எடைக்கு எடை பித்தளைக்காரரிடம் போய்க்கொண்டிருந்த குவியல்களிலிருந்து சரித்திரமே கிடைத்திருக்கிறது. தினமலர் ஆசிரியராக இருந்து 2021-ல் மறைந்த முனைவர் இரா. கிருஷ்ணமூர்த்தி, நாணயம் விற்பவர்களிடம் பொறுக்கிச் சேர்த்த சிறு செப்புக் காசுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 'பெருவழுதி' என்ற பெயர் பழந்தமிழ் எழுத்தில் பொறித்த பாண்டியர் காசை 1980களில் அறிவித்தார். சங்ககாலத் தமிழ் மன்னர்கள் காசு வெளியிட்டார்களா என்ற பழைய கேள்விக்கு அது விடை சொன்னது. எந்த உறையும் எந்த எண்ணும் அந்தக் காசுக்கு இல்லை.

சட்டத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு வயதான நாணயம் தொல்பொருள். தனியார் யாரும் அதை இந்தியாவை விட்டு வெளியே கொண்டு போகக் கூடாது. தொல்பொருளை வியாபாரமாக விற்பவருக்கு உரிமம் வேண்டும். கடைக்காரரிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு. என் பாட்டனாரின் ஒன்பது ரூபாயில் ஒன்றைத் தம்பி மகனுக்குக் கொடுத்தனுப்ப என் மனைவி பையில் முடிந்து வைத்திருந்தாள். விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜின் முதற்பாதிக் காசுகள் எல்லாம் இன்று நூறைத் தாண்டியவை. விமான நிலையச் சுங்கத்தில் அகப்பட்டால் அன்போடு கொடுத்தோம் என்று சொல்லித் தப்ப முடியாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் நம் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தரம் போடுவதற்காகப் பழங்காசை வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்பலாம் என்று யாராவது சொன்னாலும் அதே சட்டம்தான் குறுக்கே நிற்கும். வயதில் சந்தேகம் இருந்தால் இது தொல்பொருள் அன்று என்று தொல்லியல் துறையிடம் சான்றிதழ் கேட்டு வாங்கலாம்.

விற்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எங்கள் குடியிருப்பில் தனியாக வசிக்கும் மூதாட்டி ஒருவருக்குத் தொலைபேசியில் அழைப்பு வந்தது. வைஷ்ணோ தேவி படம் போட்ட அவருடைய ஐந்து ரூபாய்க் காசுக்குப் பத்து லட்சம் தருவார்களாம். அதற்கு முன் ரிசர்வ் வங்கியில் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டுமாம். மூன்று தவணையில் 18,000 ரூபாய் கட்டிய பிறகுதான் எங்களிடம் சொன்னார். அந்தக் காசு கோடிக்கணக்கில் புழக்கத்துக்கு வந்தது. இப்படிப்பட்ட மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே பொது அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது; பழைய காசு நோட்டு வியாபாரத்தில் வங்கிக்குப் பங்கு இல்லை, யாரிடமும் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உண்மையிலேயே நல்ல காசு உங்களிடம் இருக்கும் என்று தோன்றினால் மும்பையின் டோடிவாலா, பெங்களூரின் மருதர் ஆர்ட்ஸ் போன்ற ஏல நிறுவனங்களின் பழைய பட்டியல்களைப் பாருங்கள். எந்தக் காசு எந்த நிலையில் என்ன விலைக்குப் போனது என்று தெரியும். கடைக்காரர் கேட்கும் விலை வேறு, ஒருவர் உண்மையில் கொடுத்த விலை வேறு. ஏலத்தில் வாங்கினால் விலைக்கு மேல் ஏலக்காரருக்கு ஒரு பங்கு உண்டு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கினால் ரசீதில் 'பழைய காசு 1' என்று எழுதி வாங்காதீர்கள். எந்த அரசர், எந்த ஆண்டு, எந்த நாணயச்சாலை, எடை, ஸ்லாப் ஆனால் அதன் எண் எல்லாம் வேண்டும். போலி என்று நிரூபணமானால் இத்தனை நாளுக்குள் பணம் திருப்பித் தரப்படும் என்ற வரியும் வேண்டும். எழுத மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். வீட்டில் வைக்க, மென்மையான பி.வி.சி. பிளாஸ்டிக் உறை ஆகாது. நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுக்கும். மைலார் உறையோ காற்றுப் புகாத கெட்டி டப்பாவோ போதும். காசைப் பிடிக்கும்போது விளிம்பைப் பிடியுங்கள்.

தம்பி மகன் ஊருக்குப் போகும்போது 1947 நிக்கல் ரூபாய் ஒன்றைக் கொடுத்தேன். வயதிலும் சட்டத்திலும் தடை இல்லை. ஹாக்கி அட்டைக்குப் பக்கத்தில் புலியை வைத்துப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். அதற்குத் தரம் போடட்டுமா என்று கேட்டிருந்தான். கட்டணம் காசின் விலையைவிட அதிகம், வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

தராசும் லென்ஸும் என்னிடம் இருக்கின்றன. வீட்டுக் காசுகளைப் பார்க்க வேண்டும் என்று விரும்பும் அன்பர்கள் மாதக் கூட்டத்துக்கு வரும்போது எடுத்து வரலாம். தேய்க்காமல் கொண்டு வாருங்கள்.